கூறை உடுத்துப் போன ஊர்வலம்

எங்கட ஊர்வலக் கழகத்தின்ர வரலாற்றை எழுதித் தாங்கோ எண்டு இப்ப அதை நடத்துற பிள்ளையள் வந்து கேட்டினம். ஏதோ ஆண்டு மலராம். நான் முடியாது எண்டிட்டன். மலருக்கு எழுதிறதெண்டால் தலைவர் தங்கமானவர், எல்லாரும் ஒற்றுமையாய் நிண்டு உழைச்சவை எண்டுதான் எழுத வேணும். எனக்கு அந்த வாய் இல்லை. என்ர தம்பி செத்ததை எனக்குச் சொல்லாமல் மறைச்சு, எனக்குக் கலியாணக் கூறைச் சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைச்சு, லொறியில ஏத்தி, சிரிச்சுக்கொண்டு கை காட்டு எண்டு ஒக்லண்ட் றோட்டு வழிய கொண்டுபோன கழகம் அது. எழுதினால் அதைத்தான் எழுதுவன். மலரில போடாட்டில் போகட்டும்.

தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில மவுண்ட் வெல்லிங்டனில ஒரு ரெண்ட் வீட்டில இருந்தம். நானும் இவரும் மகளும். இவர் எண்டால் என்ர மனுசன். அவருக்குப் பகல் வேலை, எனக்கு விரி எண்ட இடத்தில ஒரு களஞ்சியத்தில பின்னேர ஷிப்ட், பெட்டி அடைக்கிற வேலை. அவர் கதவால வர நான் கதவால போவன். மகள் அப்பதான் பள்ளிக்கூடம் தொடங்கினவள். ஒருநாள் ஒரு கடதாசி கொண்டு வந்தாள். எங்கட பகுதியில வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு முன்னால ஒரு ஊர்வலம் போகும், லொறி சோடிச்சுக் கொண்டு ஆரும் வரலாம் எண்டு அதில கிடந்தது.

"நாங்களும் போவம்" எண்டார் இவர்.

"விசரே உங்களுக்கு? கிறிஸ்மஸ் தாத்தாவுக்குப் பின்னால நாங்கள் என்னத்தைக் கொண்டு போறது?" எண்டன் நான்.

மனுசன் கேட்டால்தானே. அந்தச் சனிக்கிழமையே எங்கட கராஜில ஆக்களைக் கூட்டிப்போட்டார். கழகம் பிறந்தது அங்கதான், பழைய மெத்தைக்கும் புல்லு வெட்டுற மெசினுக்கும் நடுவில. இவற்ற பெரியப்பாவின்ர மகன் தலைவர் ஆனார். அவர் ஊரில கோயில் மனேச்சராய் இருந்தவர். இஞ்ச இரவுக் காவல் வேலை. பாவம், ஒருத்தரும் அவரை ஒண்டும் கேக்கிறேல்லை, அவரும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக் கிடைக்கிறேல்லை. தலைவர் எண்டு சொன்ன உடன ஆளின்ர முதுகு நிமிர்ந்ததை நான் கண்ணால கண்டன்.

பேர் வைக்கிறதில ஒரே அடிபாடு. ஒருத்தர் இலங்கை வேணும் எண்டார், மற்றவர் இலங்கை எண்டால் நான் எழும்பிப் போறன் எண்டார். எங்கட தெருவில இருந்த தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி, நேர்ஸ் வேலை செய்யிறவள், வாசலில நிண்டு கேட்டாள்: "எங்களையெல்லாம் சேத்துப்பீங்களா அக்கா, இல்ல உங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும்தானா?" எனக்கு வெக்கமாய்ப் போச்சு. கடைசியில தமிழ் எண்ட ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு மிச்சத்தை எல்லாம் வெட்டினம். அவள் பிள்ளையளுக்குக் கோலாட்டம் பழக்கினாள். அண்டையில இருந்து எனக்கு இந்த ஊரில ஒரு சிநேகிதி கிடைச்சாள்.

முதல் வருசம் மயில் செய்தம். கோழிக்கூட்டுக் கம்பியை வளைச்சு, நீலமும் பச்சையுமாய்க் கிறேப் கடதாசி ஒட்டின மயில். தலைவர் அதை ஒரு திருவிழாவாய்த்தான் நடத்தினார். நல்ல நாள் பாத்துத் தொடங்கி, மஞ்சளில பிள்ளையார் பிடிச்சு வைச்சு, முடியுமட்டும் ஒரு வீட்டிலயும் மீன், இறைச்சி எண்டு மச்சம் சமைக்கக் கூடாது எண்டு கட்டளை வேற. ஊர்வலத்தண்டு லொறிச் சில்லுகளுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு, நடு றோட்டில தேங்காய் உடைச்சார். மஞ்சள் சட்டை போட்ட பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரன், என்னவோ வெடிச்சுப்போச்சு எண்டு நினைச்சுத் தும்புத்தடியோட ஓடி வந்தான். பிறகு ஒக்லண்ட் மழை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மயிலைக் கரைச்சு, பிள்ளையளின்ர வெள்ளை வேட்டி எல்லாம் பச்சை நிறமாக்கிப்போட்டுப் போச்சு.

ஆனால் சனம் கை தட்டினது. அதைச் சொல்லத்தான் வேணும். மழைக்குள்ள நிண்டு, கரைஞ்ச மயிலைப் பாத்து, எங்களைப் பாத்துக் கை தட்டினது. வேலைத்தலத்தில ஒருநாளும் என்ர பேரை ஒருத்தர் ஒழுங்காய்ச் சொன்னதில்லை. இஞ்ச முன்பின் தெரியாத கிழவியள் கதிரையில இருந்து எழும்பிக் கை காட்டுதுகள். நான் லொறிக்குப் பின்னால நடந்துகொண்டு அழுதிட்டன். அண்டைக்கு எனக்குக் கழகத்தில பிடிச்ச விசர்தான், பிறகு நான் இவரை விடப் பெரிய விசரி.

அந்தப் படங்களைத் தம்பிக்கு அனுப்பினனான். தம்பியைப் பற்றிச் சொல்ல வேணும். அப்பா அம்மா போன பிறகு எனக்கெண்டு இருந்தது அவன் ஒருத்தன்தான். யாழ்ப்பாணத்தில தனிய இருந்தான். சண்டைக்காலம், ரெலிபோன் இல்லை, கரண்ட் இல்லை, அந்த நாள் உங்களுக்குத் தெரியும்தானே. ஆராவது கொழும்புக்கு வந்தால் அவையிட்டைக் கசெற்றில கதைச்சுக் குடுத்து விடுவான். "அக்கா, அது மயிலோ கோழியோ? இவ்வளவு தூரம் போய் எங்கட மானத்தை வாங்குறீங்கள்" எண்டு அதில சிரிச்சான். மகள் அந்தச் சிரிப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேப்பாள். அவளுக்குத் தமிழில கதைச்சால் இங்கிலிஷிலதான் பதில் வரும், ஆனால் மாமாவின்ர பகிடி முழுக்க விளங்கும். அவனை இஞ்ச எடுப்பிக்கிறதுக்கு அலுவல் பாத்துக்கொண்டிருந்தம். விசா வருமெண்டு நம்பிக்கையும் வந்திட்டுது. வந்து சேர வேண்டியது அவன்தான்.

ரெண்டாம் வருசம் கோபுரம் கட்டி, அது கரண்ட் வயரில முட்டி, தலைவர் லொறியில ஏறி நிண்டு மரம் அரியிற வாளால கலசத்தை அறுத்தது ஒரு தனிக்கதை. அதை மலருக்கு எழுதட்டும், சிரிக்கலாம்.

மூண்டாம் வருசம் கலியாணம் காட்டுவம் எண்டு முடிவு. லொறியில மணவறை, மாப்பிள்ளை, பொம்பிளை, பொம்பிளையின்ர தம்பி தோழனாய் நிண்டு மாப்பிள்ளையின்ர கால் கழுவுறது, சின்னப் பிள்ளையள் பூத் தூவுறது. பொம்பிளையாய் ஆர் இருக்கிறது? வயசுக்கு வந்த பிள்ளையளை இருத்தத் தாய்மார் விடேல்லை. விளையாட்டுக்கு மணவறையில இருந்தால் பிறகு உண்மையாய் இருக்க வராதாம். உண்மையான புருசன் பெண்சாதிதான் இருக்க வேணும் எண்டார் தலைவர். எல்லாரும் என்னைப் பாத்தினம். ஏனெண்டால் கலியாணக் கூறையை ஊரில இருந்து பத்திரமாய்க் கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான். மற்றவை உடுத்த உடுப்போட ஓடி வந்தவை.

மணவறை வேலை தொடங்கின பிறகுதான் ஊரில அது நடந்தது. ஆமி கிட்ட வந்திட்டுதெண்டு யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டுது. ரேடியோவில கேட்டம், மழையில, இருட்டில, பாலம் நிறைஞ்சு சனம் நடக்குதெண்டு. அதுக்குள்ள என்ர தம்பி எங்க? எனக்குச் சோறு இறங்கேல்லை. அடுத்த கூட்டத்தில நான் எழும்பி நிண்டு சொன்னன், "சனம் றோட்டில கிடக்குது. எனக்குக் கூறையும் மாலையுமோ? நான் இருக்க மாட்டன். ஆரும் இருக்கவும் கூடாது." தலைவர் தலையைக் குனிஞ்சுகொண்டார். வேலையை நிப்பாட்டினம்.

பிறகு கொழும்பில இருந்து சின்னம்மா ரெலிபோன் எடுத்தா. தம்பி கிளிநொச்சிப் பக்கம் வந்து சேந்திட்டான், ஆள் சுகம், கொழும்புக்கு வர வழி பாக்கிறான் எண்டு. நான் அந்த ரெலிபோனைக் கொஞ்சினன். உண்மையாய், ரிசீவரைக் கொஞ்சினன். அண்டைக்கே தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னன், "சரி அண்ணை, நான் இருக்கிறன். தம்பி சுகமாய் இருக்கிறான். அவன் வாற சந்தோசத்துக்கு நான் மணவறையில இருக்கிறன்." அவன் உயிரோட இருக்கிறான் எண்டபடியால்தான் நான் ஓமெண்டனான். அது அவை எல்லாருக்கும் தெரியும்.

அவவின்ர அடுத்த ரெலிபோன் கோல் நான் விரியில பெட்டி அடைச்சுக்கொண்டு நிக்கேக்க வந்தது. மரங்களுக்குக் கீழ படுத்த சனத்துக்கு மலேரியாக் காய்ச்சல். மருந்தில்லை. தம்பி போயிட்டான். கொள்ளி வைச்சது ஆரோ, இண்டைக்கும் தெரியாது.

இவர் நேராய்த் தலைவரிட்டைப் போயிருக்கிறார். எனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு கேக்கத்தான் போனவராம். தலைவர் யோசிச்சுப்போட்டுச் சொல்லியிருக்கிறார், "கேள்விப்பட்டால்தானே துடக்கு. கேள்விப்படாத வரைக்கும் துடக்கில்லை. பிள்ளையார் வைச்சுத் தொடங்கின காரியம். ஊர்வலம் முடியட்டும்." உண்மைதான், அப்பிடி ஒரு முறை எங்களுக்குள்ள இருக்குத்தான். தூர இடத்துச் சாவெண்டால் காதில விழுந்த நேரத்தில இருந்துதான் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, தொடங்கும். கடல் கடந்து போனவைக்கு வசதியாய் ஆரோ யோசிச்சு வைச்சிருக்கினம். சோதினை எழுதுற பிள்ளைக்குத் தாய் செத்ததை மறைக்கிற சனம்தானே நாங்கள். கொடுமை செய்யிறம் எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை. எனக்கு உபகாரம் செய்யிறம் எண்டுதான் நினைச்சவை. பெரிய உபகாரம்!

எனக்கு ஒண்டும் தெரியாது. ரெலிபோன் பழுது எண்டார் இவர். ஓமாக்கும் எண்டிருந்தன். கழகத்து ஆக்கள் எல்லாரும் என்னில ஒரே பட்சம். ஒருத்தி கறி கொண்டு வந்து தாறா, ஒருத்தி என்ர கையைப் பிடிச்சால் விடுறாவில்லை. பொம்பிளை எண்டபடியால் கொண்டாடுகினம் எண்டு நினைச்சு எனக்குக் கொஞ்சம் பெருமை வேற. சிநேகிதி மட்டும் பழக்க வாறதை விட்டிட்டாள். கேட்டால் டியூட்டி எண்டாள்.

அந்தக் கிழமைதான் தம்பிக்கெண்டு ஒரு கட்டில் வாங்கினன், பக்கத்துத் தெருவில ஒரு வீட்டுக்காரர் வித்தவை. இவரைக் கொண்டுதான் ஏத்தி இறக்கினன். சின்ன அறையில அவர் முழங்காலில இருந்து ஒவ்வொரு ஆணியாய் முறுக்கினார். நான் வாசலில நிண்டு, தம்பி உயரம், கால் வெளியில நீட்டிக்கொண்டு நிக்குமோ எண்டு கேட்டன். "காணும், காணும்" எண்டார், முகத்தைத் திருப்பாமல். அந்தக் கட்டிலைப் பூட்டேக்க அந்த மனுசனுக்கு எப்பிடிக் கை வந்தது? இண்டைக்கும் எனக்கு அது விளங்கேல்லை.

மகளும் ஒரு மாதிரித்தான் திரிஞ்சாள். இரவில என்னை இறுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுப்பாள். கசெற் போடுறேல்லை. பூத் தூவப் பழகுற இடத்தில உம்மெண்டு நிப்பாள். என்ன கோதாரியோ எண்டு நானும் ஏசினன்.

ஊர்வலத்தண்டு நல்ல வெயில். மயிலையும் கோபுரத்தையும் கண்ட சனம் எங்களைக் காத்துக்கொண்டு நிண்டது. லொறி வளைஞ்சு பெரிய றோட்டுக்கு ஏற ஒரே கைதட்டல். நான் கூறையோட, நகையோட, பக்கத்தில இவர் தலைப்பாகையோட. தோழனாய் நிண்ட பெடியன் செம்புத் தண்ணி ஊத்தி இவற்ற காலைக் கழுவினான். என்ர உண்மையான கலியாணத்தில தம்பிதான் தோழன். இவற்ற காலைக் கழுவிப்போட்டு, அதுக்கு இவர் தனக்குப் போட்ட மோதிரம் பெருவிரலுக்குத்தான் அளவு எண்டு சபையில வைச்சு நக்கலடிச்சவன். அந்த நினைப்பில நான் எல்லாருக்கும் கேக்கச் சொன்னன், "அடுத்த வருசம் என்ர தம்பி வந்து கழுவட்டும், அவனுக்குத்தான் அந்த உரிமை!" லொறியில இருந்த ஒருத்தரும் சிரிக்கேல்லை. பாட்டுச் சத்தத்தில கேக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். மகள் பூத்தட்டோட என்ர காலடியில நிண்டாள், முகம் கல்லுப் போல. சனத்துக்குக் கை காட்டிக்கொண்டே, வாயைத் திறக்காமல், "சிரியடி, எல்லாரும் பாக்கினம்" எண்டன். சிரிச்சாள். பாவி நான், அவள் சிரிச்சாள்.

வீட்டை வர, கராஜுக்குள்ள கதிரையள் போட்டுக் கிடக்கு. ஏதோ தேத்தண்ணி விருந்தாக்கும் எண்டு நான் இறங்கினன். பொம்பிளையள் ரெண்டு பக்கமும் வந்து பிடிச்சினம். தலைவர் முன்னுக்கு வந்தார்.

"பிள்ளை, மனசைத் திடப்படுத்த வேணும். தம்பி மோசம் போயிட்டான்."

நான் கேட்ட முதல் சொல்லு, "எப்ப?"

சொன்னார். அப்பதான் எனக்கு விளங்கினது. செத்தவைக்கு எட்டாம் நாள் செய்யிற எட்டுச் செலவும் போயிட்டுது. கட்டில் வாங்கின அண்டைக்கு அவன் இல்லை. நான் லொறியில நிண்டு உரிமை கதைக்கேக்க அவன் இல்லை. எல்லாருக்கும் தெரியும். சுத்தி நிண்ட அத்தனை முகத்துக்கும் தெரியும். மூலையில ஒரு பெரிய பானையில சோறு மூடிக் கிடந்தது, செத்தவீட்டில அடுப்பு மூட்டக் கூடாதெண்டு விடியவே ஆரோ சமைச்சுக் கொண்டு வந்தது. ஊர்வலத்துக்கு நிரல் போட்ட மாதிரி இதுக்கும் நிரல் போட்டு வைச்சிருந்தவை.

நான் குளறினன். அவையும் என்னைக் கட்டிப்பிடிச்சுக் குளறிச்சினம். ஆனால் எனக்குத் தெரியுமல்லோ, நான் எத்தினை செத்தவீடு பாத்தனான். அது பழைய அழுகை. அவை எல்லாம் வீட்டில இருந்து அழுது முடிச்சிட்டினம். இவர் கராஜில ட்ரில் மெசினை ஓட விட்டுப்போட்டு அழுதவராம், மணவறைக்கு ஓட்டை போடேக்க. பிறகுதான் சொன்னார். சிநேகிதி வாசலில நிண்டு, "நான் சொல்லியிருக்கணும் அக்கா, என்னைய மன்னிச்சிருங்க, நான் சொல்லியிருக்கணும்" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னாள். செத்த பிள்ளைக்கு நான் தொடங்குறன், அவை முடிச்சிட்டு நிக்கினம். ஒரு சாவைத் தனிய ஒருத்தி எப்பிடி அழுகிறது?

கழகம் அதோட முடியேல்லை. அடுத்த வருசமும் லொறி போனது, அதுக்கடுத்த வருசமும் போனது. தலைவர் சாகும் வரைக்கும் என்னட்டை வந்து, "பிள்ளை, உன்ர நன்மைக்குத்தான்" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தேத்தண்ணி குடுத்தன், பதில் குடுக்கேல்லை. இவரோட நான் பிறகும் வாழ்ந்தன், வாழத்தானே வேணும். ஊர்வலம் வாற நாளில யன்னலைச் சாத்திப்போட்டு இருப்பன்.

ஆனால் அண்டைக்கு நடந்த இன்னொண்டைச் சொல்லாமல் விட ஏலாது. கேள்விப்பட்டால் உடுத்த உடுப்போட முழுக வேணும், அது முறை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் பாத்ரூமில விட்டினம். நான் கதவைச் சாத்திப்போட்டு, பைப்பைத் திறந்து, கூறையோட கீழ நிண்டன். தண்ணி ஊறி அந்தச் சேலை என்னை நிலத்துக்கு இழுக்குது. அழுகையும் நிண்டுபோச்சு. அப்பிடியே மரமாய் நிண்டன்.

கதவுக்கு வெளியில மகளின்ர குரல் கேட்டது. தகப்பனிட்டை மெதுவாய்க் கேக்கிறாள்.

"அப்பா, டஸ் அம்மா நோ நவ்?"

"ஓம் குஞ்சு. சொல்லியாச்சு."

கோல் வந்த அண்டைக்கு ரெலிபோனை எடுத்தது அவளாம். தகப்பன் கதைச்சதைப் பக்கத்தில நிண்டு கேட்டவளாம். அம்மாவுக்கு முன்னால அழக் கூடாது, ஊர்வலம் முடியுமட்டும் அழக் கூடாது எண்டு தகப்பன் சத்தியம் வாங்கினவராம். எல்லாரும் அங்கங்க ஒளிச்சு நிண்டு அழுது முடிக்க, அவள் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாத்திக்கொண்டு நிண்டிருக்கிறாள். ஏழு வயசு.

"தென் கேன் ஐ க்ரை நவ்?" எண்டு கேட்டாள்.

நான் கதவைத் திறந்து, பூத் தூவின பட்டுச் சட்டையோட அவளை இழுத்து, தண்ணிக்குக் கீழ என்னோட வைச்சுக்கொண்டன். "அழு ராசாத்தி" எண்டன். அவள் வாயைத் திறந்து "மாமா" எண்டாள், தமிழிலதான். பிறகு ரெண்டு பேரும் குளறினம்.